இடது விலாவுக்குக் கீழே

"அந்தப் பொண்ணு ஊசி போட்டுக்கிட்டு வலியில துடிக்குதே, பக்கத்துல இருக்கவங்க ஏதாவது செய்யக் கூடாதா?" என்று போன வாரம் கேட்டீர்கள். செய்தாள். பெற்றவளே செய்தாள். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இன்றைய கதை.

ரொக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். தைப்பிங்கில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்களோ இல்லையோ, ரொக்கியாவுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். பிரசவித்த வயிற்றை உருவிவிட்டு, இறங்கின கர்ப்பப்பையை ஏற்றிவைத்து, சூடான கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து எழுப்பி உட்கார வைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. உருத் என்கிற அந்த உருவல் வைத்தியம் என்றால் ரொக்கியா. அப்படி ஒரு கை.

அந்தக் கையால் எதுவும் செய்ய முடியாத இடத்தில் அவள் மகன் படுத்திருந்தான். மூத்தவன் ஷாருல், வீட்டில் அலோங். ரத்தப் புற்று. பினாங்கு ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் வைத்து, கெட்டுப்போன அவன் எலும்பு மஜ்ஜை முழுவதையும் மருந்து விட்டுப் பொசுக்கிவிட்டார்கள். இனி அவன் உடம்பில் சொந்தமாக ஒரு சொட்டு ரத்தம் ஊறாது. தங்கை ஸுரைனியின் ஸ்டெம் செல் போய் அங்கே வேர் பிடித்தால் பிழைப்பான். இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஸுரைனி இளையவள் என்பதால் அடிக். அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு நோன்புப் பெருநாள் ஆகிவிட்டது. கடல் தாண்டி வந்து ஜொகூரில் வேலை பார்க்கிற சரவாக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள் அவள். வாசல்படி ஏறாதே என்றான் இவன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டாள். ஆனால் ரத்தம் பொருந்துகிறது என்ற செய்தி போனதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்தவள் இன்றுவரை அந்தக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

"குடுத்துட்டுப் போய் பாக்கறேன் மாக். முன்னாடியே போனா தேங்க்ஸ் சொல்லுவான். அவன் வாயால அதக் கேட்டா எனக்கு வாந்தி வரும்" என்றாள் அம்மாவிடம்.

இன்றுதான் கொடுக்கிற நாள்.

செல் எடுக்கும் அறையில் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு கட்டில். அடிக்கின் இரண்டு கையிலும் ஊசி ஏற்றியிருந்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், செல்லை மட்டும் விட்டுவிட்டு, இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. மேலே கம்பியில் ஒரு பை தொங்கியது. தக்காளிச் சாற்றில் தண்ணீர் விட்ட நிறத்தில் அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர ஆரம்பித்திருந்தது.

"நேத்து ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டாள் மிஸ்ஸி. தாதிகளை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் பேர் லாவ், சீனத்தி, கொஞ்சம் வாயாடி.

"நல்லா தூங்கினேன் மிஸ்ஸி. இந்த வாரத்துலயே நேத்துதான் தூங்கினேன்."

"பரவாயில்லையே. நேத்து ஊசிக்கு உனக்கு ரொம்ப வலிச்சிருக்கணுமே. மாத்திரை போட்டியா?"

அடிக் அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ரொக்கியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாத்திரையாவது ஒன்றாவது என்று வாய் வரை வந்தது. சொன்னால் சீனத்திக்குப் புரியாது, சிரிப்பாள் என்று விட்டுவிட்டாள். அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன பெருமை வாயை அடைத்துவிட்டது.

நேற்று நடந்தது இதுதான். ஊசி என்பது எலும்புக்குள் செல்லைப் பெருக்கி ரத்தத்தில் கொட்ட வைக்கிற மருந்து. எலும்பு வலிக்கும், ஜுரம் மாதிரி இருக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். வலிக்கும் என்றாரே தவிர, இடுப்பும் முதுகும் நெஞ்செலும்பும் தெறித்துவிடுகிற மாதிரி பெற்ற பெண் சுருண்டு கிடப்பாள் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே எடுத்திருந்த வாடகை அறையில் மத்தியானம் முழுக்க அடிக் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தாய் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஊரான் வீட்டுப் பெண் முனகினாலே ரொக்கியாவின் கை சும்மா இருக்காது.

இஞ்சியும் கிராம்பும் எலுமிச்சம்புல்லும் போட்டுக் காய்ச்சின எண்ணெய் அவள் பையில் எப்போதும் இருக்கும். கல்லும் இருந்தது. கீழே சமையல்கட்டில் கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

"உடம்பு பூரா காத்து. அதான் இப்படிக் குத்துது. திரும்பிப் படு."

"மாக், பாரமான வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க."

"வேலை நீயா செய்யப் போறே? நான்தானே செய்யறேன்."

அடிக் சிரித்துவிட்டாள். அந்த வலியிலும் சிரித்தாள். முதுகு, இடுப்பு, கால் என்று ரொக்கியா பிஸ்மில்லா சொல்லி உருவிக்கொண்டே வந்தாள். பெண்ணின் உடம்பு கைக்குக் கீழே இளகியது. பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தாள். காற்று கடைசியில் வயிற்றில்தான் போய்ப் பதுங்கும் என்பது அவள் பாடம்.

இடது விலாவுக்குக் கீழே ஒன்று தட்டுப்பட்டது. வழுவழுவென்று, கெட்டியாக. எத்தனையோ வயிற்றைத் தொட்ட கை. அந்த இடத்தில் இப்படி ஒன்று இருக்கக் கூடாது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. என்ன அது என்றுதான் தெரியவில்லை.

"இங்க கட்டிக்கிட்டுக் கிடக்கு பாரு" என்று உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளினாள்.

அடிக் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அங்க வேணாம் மாக். வலிக்குது."

"வலிக்கிற இடத்துலதான் அது இருக்கும். மூச்ச விடு."

அந்தக் கட்டியைக் கரைத்தே தீருவது என்று ரொக்கியா உட்கார்ந்து அழுத்தினாள். கல்லை வைத்து, எடுத்து, மறுபடி அழுத்தினாள். முடிந்தபோது பெண் களைத்துப் போய்க் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று தாய் நிம்மதியாகப் போர்த்திவிட்டாள்.

இன்று, பை பாதி அளவுக்கு நிறைந்திருக்கும். அடிக் உதட்டை நக்கினாள். "உதடு மரத்துப் போகுது."

"அது சகஜம், கால்சியம் குறையும். இதைக் குடி" என்று மிஸ்ஸி பாலைக் கொடுத்தாள். அடிக் இரண்டு வாய் குடித்தாள். தாடையில் வழிந்ததை ரொக்கியா துடைத்துவிட்டாள். தாடைக்கு அடியில் ஒரு பழைய தழும்பு. பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்னால் படிக்கட்டில் விழுந்தது. எப்போது பார்த்தாலும் ஓட்டம்தான் அந்த வயதில்.

"மாக், தோள வலிக்குது."

"கைய நீட்டியே வெச்சிருக்கல்ல. பிடிச்சுக்கிட்டிருக்கும்."

"எடது தோள். நுனியில. உள்ளுக்குள்ள."

தோளைப் பிடித்துவிட ரொக்கியா எழுந்தாள். தொட்டால் சில்லென்றிருந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போன பெண்களிடம் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறாள்.

"மிஸ்ஸி" என்றாள்.

லாவ் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

டாக்டர் ஹோ வந்தார். கட்டை குட்டையான அம்மாள். நடையில் மட்டும் அத்தனை வேகம். வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து இடது பக்கம் நகர்த்தினார். ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"ஸுரைனி, இந்த ஊசி மண்ணீரலை வீங்க வைக்கும். எல்லாருக்கும் கொஞ்சம் வீங்கும், ஒண்ணும் ஆகாது. தானா சரியாயிடும். உனக்குக் கிழிஞ்சிருக்கு. உள்ளே ரத்தம் கசியுது. இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "எங்கேயாவது விழுந்தியா? வயித்துல யாராவது இடிச்சாங்களா?"

ரொக்கியா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இடது விலாவுக்குக் கீழே, வழுவழுவென்று, கெட்டியாக. அது காற்று இல்லை. கரைக்க வேண்டிய கட்டி இல்லை. அண்ணனுக்குக் கொடுப்பதற்காக வீங்கி நின்ற அவள் உடம்பு.

அடிக் அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள். "காலைல பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர். தொட்டியில இடிச்சுக்கிட்டேன்."

"இன்னைக்குக் காலைலயா?"

"ம்."

ரொக்கியா வாயைத் திறந்தாள். அடிக் போர்வைக்கு அடியிலிருந்து கையை நீட்டி அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இரு என்கிற அழுத்தல். தாய் சும்மா இருந்துவிட்டாள். பயம். வேறென்ன? மகனுக்குப் போகிற உயிரை நானே நசுக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

தள்ளுவண்டி வந்தது. ஏற்றினார்கள். வண்டி தாழ்வாரத்தில் திரும்பி மறைந்த பிறகுதான் ரொக்கியாவுக்கு உறைத்தது. இன்றைக்குக் காலை என்று நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பார்கள். நேற்று மத்தியானத்திலிருந்தே கசிந்துகொண்டிருந்தால்? இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டாவது தடவையும் நான்தான் கொல்கிறேன்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். லிஃப்ட் வாசலில் டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"அவ விழல டாக்டர். பொய் சொல்றா. நான்தான் நேத்து மத்தியானம் உருத் பண்ணினேன். வயித்துல. கட்டி மாதிரி இருந்துச்சு, காத்துன்னு நெனச்சு அழுத்தினேன். அவ வேணாம்னா. நான் கேக்கல."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூட மனசு ஆறியிருக்கும். டாக்டர் ஹோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் அழுத்தினீங்க மக்சிக்?" வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கரையற வரைக்கும்."

"சரி. சொன்னது நல்லது. நேத்துலேர்ந்துன்னா காத்திருக்க முடியாது, இப்பவே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும்." உள்ளே யாருக்கோ சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினார். "பாரம் தூக்காதே, குதிக்காதே, பந்து விளையாடாதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னோம். உருத் பண்ணாதேன்னு யாரும் சொல்லல. இந்த ஊர்ல வைத்தியம் பாக்கற எனக்குத் தோணியிருக்கணும்."

"அலோங்குக்கு?"

"எடுத்த வரைக்கும் எண்ணிக்கிட்டிருக்காங்க. தேவையானதுல பாதிக்குக் கொஞ்சம் மேல தேறும். போதாது. ஆனா அவனுக்கு உள்ளே ஒண்ணுமே இல்லையே, இருக்கறதக் கொடுத்துத்தான் ஆகணும். பிடிக்குதான்னு ரெண்டு மூணு வாரத்துல தெரியும். பிடிக்கலன்னா, பாதி பொருந்துற ஆள் நீங்கதான். உங்க எலும்புலேர்ந்து எடுக்கறதப் பத்தி யோசிப்போம்."

"இப்பவே எடுங்க."

"மக்சிக்."

"ரெண்டு இடுப்புலயும் எடுங்க. நான் வேற எதுக்கு இருக்கேன்?"

டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். ரொக்கியா வெறுங்காலோடு அங்கேயே நின்றாள். மடியில் போன் அடித்தது. தைப்பிங்கிலிருந்து கமுந்திங் ரோட்டுப் பெண். காலையில் பிரசவமாம், ஆண் குழந்தையாம், எப்போ வர்றீங்க மக்சிக் என்றாள்.

"வேற ஆளப் பாத்துக்கோ கண்ணு" என்றாள் ரொக்கியா.

"ஏன் மக்சிக்? உங்க கைதான் வேணும்னு மாமியார் அடம் பிடிக்கறாங்க."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு பையைக் கண்ணாடி அறைக்குக் கொண்டு வந்தார்கள். அடிக் இன்னும் தியேட்டரை விட்டு வெளியே வரவில்லை.

அலோங் முடி கொட்டின தலையோடு, முகமூடி போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். புது சாரோங் கட்டியிருந்தான். தங்கை வருவாள் என்று கட்டியிருக்கிறான். பையைக் கம்பியில் மாட்டிக் குழாயை இணைத்துவிட்டு உள்ளே இருந்த மிஸ்ஸி ஒதுங்கினாள். வெளியே இருப்பவர்களோடு பேசுகிற போனை அவன் எடுத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரொக்கியா எடுத்தாள்.

"என்ன மாக் இது, இவ்வளவுதானா? என் தங்கச்சி கஞ்சப் பிசினாறின்னு தெரியும். இந்தளவுக்கா?"

சிரித்தான். ரொக்கியாவால் சிரிக்க முடியவில்லை.

"எங்க அவ? குடுத்துட்டு வர்றேன்னுதானே சொல்லியனுப்பினா? நான் தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. சத்தியமா சொல்ல மாட்டேன். சும்மா வந்து மூஞ்சக் காட்டச் சொல்லுங்க."

"தியேட்டர்ல இருக்கா."

"எதுக்கு?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஆனால் தன்னைக் காப்பாற்ற ஒரே நாளில் எத்தனை பொய்? ரொக்கியா சொன்னாள். ஊசி, வலி, எண்ணெய், கல், விலாவுக்குக் கீழே தட்டுப்பட்டது, பிடித்த மணிக்கட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கண்ணைப் பார்க்கவில்லை. குழாயில் இறங்கிக்கொண்டிருந்த சொட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அவனும் அந்தச் சொட்டைப் பார்த்தான். பிறகு, "டாக்டர்கிட்ட என்ன சொன்னா அவ?" என்று கேட்டான்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

"அவ தாடையில தழும்பு இருக்குல்ல மாக்."

"படியில விழுந்தாளே, அதுவா?"

"படியில விழல. நான்தான் சைக்கிள் பின்னாடி உக்கார வெச்சு வேகமாப் போய் கால்வாயில விட்டேன். அப்பா பெல்ட்ட எடுத்துக்கிட்டு வந்தாரு. இவ ரத்தம் கொட்டக் கொட்ட, நானே படியில விழுந்துட்டேன்னா. என்னைக் காட்டிக் கொடுக்கல. அப்பா சாகற வரைக்கும் சொல்லல." முகமூடிக்கு மேலே புறங்கையால் துடைத்துக்கொண்டான். "அவளைத்தான் வாசல்படி ஏறாதேன்னேன்."

"என் மேல கோவம் இருக்காடா?"

"இருக்கு." மறைக்கவில்லை அவன். "இது இறங்கி முடியட்டும். அவ எந்திரிச்சு வரட்டும். அப்புறம் உங்க மேலயும் கோவப்படறேன், என் மேலயும் கோவப்படறேன். இப்ப முடியல மாக்."

அவள் தலையாட்டினாள்.

"அந்த சரவாக்காரன் நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

"எதுக்கு?"

"கூப்பிட்டுச் சொல்லுங்க. ஆபரேஷன்னா அவனுக்குத் தெரிய வேணாமா? ராத்திரி பஸ் இருந்தா ஏறி வரச் சொல்லுங்க. அலோங் சொன்னான்னே சொல்லுங்க."

இரண்டு வருஷமாகத் தாய் கெஞ்சி வராத வார்த்தை. இன்றைக்கு வந்தது. கேட்க வேண்டியவள் கேட்கிற இடத்தில் இல்லை. ரொக்கியா அழ ஆரம்பித்தாள். அதுவரை அழவில்லை, இப்போது நிற்கவில்லை.

தாழ்வாரத்துக் கதவு திறந்தது. பச்சை உடுப்புப் போட்ட தியேட்டர் மிஸ்ஸி ஒருத்தி வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஸுரைனியோட அம்மா யாரு?"

ரொக்கியா கையைத் தூக்கினாள்.

பிரசவ அறை வாசலில் எத்தனையோ தடவை காத்துக்கிடந்தவள் அவள். உள்ளேயிருந்து வருகிறவர்களின் நடையை வைத்தே சொல்லிவிடுவாள். நல்ல சேதி என்றால் தூரத்திலிருந்தே பேச ஆரம்பித்துவிடுவார்கள்; கிட்டே வருகிற வரைக்கும் பொறுக்காது.

இந்த மிஸ்ஸி பேசவில்லை. தாழ்வாரம் முழுக்க நடந்து வந்தாள்.

"என்னவாம் மாக்? கேளுங்க" என்றான் அலோங், போனுக்குள்.

மிஸ்ஸி பக்கத்தில் வந்து நின்றாள். தலையில் இருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றினாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொதல்ல உக்காருங்க மக்சிக்" என்றாள்.